லேட்டு இன்னும் இறங்கவில்லை

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. காலேஜ் அடையாள அட்டையில் இருக்கிறது, விமானம் ஓட்டும் லைசென்ஸில் இருக்கிறது. நெடுங்காலம் வீட்டில் அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் அப்பா, அதாவது என் தம்பி, வைத்த பெயர்தான் நிலைத்தது: லேட்டு. கல்யாணமாகிப் பல வருஷம் காக்கவைத்துவிட்டு வயிற்றில் வந்தாள். வந்தவள் டாக்டர் சொன்ன தேதிக்காவது பிறந்தாளா? அதுவும் இல்லை. எங்களையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கி விழவைத்துவிட்டுத்தான் பிறந்தாள். பஸ் டிப்போவிலிருந்து காக்கி உடுப்போடு ஓடிவந்த என் தம்பி, நர்ஸைப் பார்த்து முதலில் கேட்டதே, "வந்தாளா லேட்டு?" என்றுதான். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

நான் அவளுக்கு அத்தை. புருஷன் போன பிறகு தையல் மெஷினோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். வாசலறையில் மெஷினைப் போட்டேன், அன்றிலிருந்து இது என் வீடு. சந்தேகமிருந்தால் தம்பி பொண்டாட்டியைக் கேளுங்கள். "அண்ணி சொன்னா சரிதான்" என்பாள். மனசுக்குள் என்ன திட்டுகிறாளோ, அது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

என் தம்பி டவுன் பஸ் டிரைவர். அவன் ஓட்டிய ரூட் மார்க்கெட்டில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போய், ஊருக்கு வெளியே சின்ன விமான நிலையத்தின் கேட்டில் முடியும். பெரிய விமானங்கள் வரும் இடமில்லை அது. பணக்காரர்களின் குட்டி விமானங்கள் நிற்கிற இடம். பள்ளி விடுமுறையில் லேட்டை பஸ்ஸில் கூட்டிப் போவான். இஞ்சின் பெட்டிமேல் துணியை மடித்துப் போட்டு உட்காரவைப்பான். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் டீ குடிக்கிற நேரம் முழுக்க இவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஹாரன் அடித்தால்கூடத் திரும்பமாட்டாள். பஸ் லேட்டாகக் கிளம்பியதற்கு என் தம்பி டிப்போவில் எத்தனை தடவை பேச்சு வாங்கியிருக்கிறான் என்று கேளுங்கள்.

அந்தப் பைத்தியம் தெளியவே இல்லை. விமானம் ஓட்டவும் சொல்லித்தருகிற காலேஜாகப் பார்த்து, உதவித்தொகை வாங்கி, அதிலேயே போய்ச் சேர்ந்தாள். டிகிரி முடியும் முன்பே லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கூடப் படித்தவர்களெல்லாம் டிகிரி முடியட்டும், பெரிய கம்பெனிக்கு எழுதிப் போடலாம் என்று இருந்தார்கள். இவளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அதே பஸ்ஸைப் பிடித்து, கடைசி ஸ்டாப்பில் இறங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் போய், வரிசையாக இருந்த விமானக் கொட்டகைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வேலை கேட்டிருக்கிறாள். ஓரிடத்தில் வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை. இன்னோரிடத்தில், "படிப்பை முடிச்சிட்டு வாம்மா, நாங்க எங்கயும் ஓடிடமாட்டோம்" என்று சிரித்தார்களாம்.

மூன்றாவது கொட்டகை ஒரு சார்ட்டர் கம்பெனி. அவசரக்காரன் டாக்ஸி பிடிப்பதுபோல, காசுள்ளவன் ஒரு விமானத்தையே பேசி எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் சார்ட்டர். அங்கே தலைமை பைலட் ஒரு குள்ள மனிதர். எந்நேரமும் புதினா மிட்டாய் சப்புவதால் இவள் அவருக்கு வைத்த பெயர் மிட்டாய் கேப்டன். அவர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வருவே?"

"எங்கப்பா ஓட்டற பஸ் கெடச்சா அரை மணி நேரம் சார். வேற யாராவது ஓட்டினா நான் கேரண்டி இல்ல."

மனிதர் மிட்டாய் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்திருக்கிறார். மறுவாரமே வரச்சொல்லிவிட்டார். உடனே விமானத்தில் ஏற்றிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். காலேஜ் இல்லாத நேரத்தில் போன் எடுப்பது, பெட்டி தூக்குவது, விமானத்தின் கண்ணாடியைத் துடைப்பது, இதுதான் வேலை. "இதுக்கா டி இம்புட்டுப் படிச்சே? என் மெஷினைத் துடைக்கச் சொன்னா மூஞ்சியைத் தூக்குவே!" என்று நான் கத்தினேன். "அது தையல் மெஷின் அத்தை, இது பறக்கற மெஷின்" என்றாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அங்கே இருந்த துணை பைலட் பெரிய கம்பெனிக்குத் தாவியபோதுதான் இவளுக்கு வழி பிறந்தது. மிட்டாய் கேப்டன் இவளைப் பக்கத்தில் வைத்துப் பல தடவை ஓட்டிப் பார்த்து, பரீட்சை வைத்து, வலதுபக்க சீட்டைக் கொடுத்தார். காலேஜில் கடைசி வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பு நடுவே போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான். அவளுடைய பேராசிரியர் ஒருநாள், "நீ வானத்துல ப்ரெசன்ட்டா இருந்தா நான் தரையில அட்டெண்டன்ஸ் போட முடியாதும்மா" என்று சொன்னாராம். நல்ல மனிதர். சொன்னாரே தவிர, கருணை காட்டினார்.

வெள்ளைச் சட்டை தைக்கும் பொறுப்பு என்னுடையது. தோளில் போடுகிற தங்கக் கோட்டுப் பட்டையை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். எனக்கு யார் சொன்னார்கள் அது தோளுக்கு என்று? அழகாக, இம்மி பிசகாமல், கைமுட்டிக்குமேல் தைத்துவைத்தேன். அதை மாட்டிக்கொண்டு அவள் கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்க்கவேண்டுமே. "ஓட்டல்ல கதவு திறந்துவிடற ஆளு மாதிரி இருக்கே லேட்டு!" என்று என் தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. அவன் பொண்டாட்டி முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம்.

இதயம் வீங்கிவிட்டது, தன் வேலையைச் செய்ய அதற்குத் தெம்பில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இனி ஓட்டக்கூடாதென்று டிப்போவில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டில் கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் தம்பியா விடுவான்? "எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்று எங்களிடமிருந்து கறந்துவிட்டான். கறந்துவிட்டு ஒரு சட்டம் போட்டான்.

"லேட்டுக்கு பரீட்சை வருது. வேலையும் புதுசு. அவகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது."

மூச்சு விடவே திண்டாடுகிறவன் எங்களை மூச்சு விடாதே என்கிறான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மெதுவாகத் தேறும் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எங்கள் அம்மா இறந்த சேதி வந்தபோது என் தம்பி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். வழியில் ஒரு ஸ்டாப்பில் கண்டக்டர் ஜன்னல் பக்கம் வந்து சொல்லிவிட்டான். பஸ் நிறைய ஆட்கள். இறக்கிவிட மனமில்லாமல் கடைசி ஸ்டாப் வரை ஓட்டிவிட்டான். "எப்படி ஓட்டினேன், எங்க பிரேக் போட்டேன், சிக்னல்ல நின்னேனா, ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. அத்தனை பேரும் பொழைச்சது அவங்க நல்ல நேரம்" என்பான். அந்தக் கண்டக்டரோடு அவன் பிறகு பேசவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்டியரிங் பிடித்தவனிடம் எந்தச் சேதியும் சொல்லக்கூடாது. வண்டி நின்ற பிறகுதான். டூட்டி முடிந்து வண்டியை டிப்போவில் விட்டதும், "நிறுத்திட்டேன்" என்று அவனே போன் போடுவான். பால் பொங்கி வழிந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் அதற்குப் பிறகுதான் அவன் காதுக்குப் போகும்.

மகளுக்கும் அதே பாடம். விமானம் தரையைத் தொட்டு, வேலை முடிந்ததும் அவள் போன் போடுவாள். "எறங்கிட்டேன்ப்பா." அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக அவன் நாள் முழுக்க போனை மார்புமேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். போன் வராதவரைக்கும் அவள் மேலே இருக்கிறாள் என்று கணக்கு. நடுவில் யாராவது வந்து "பொண்ணு எங்கே?" என்று கேட்டால், விரலால் கூரையைக் காட்டுவான். என்ன பெருமை, என்ன பெருமை! காற்றாடி சுற்றுகிற கூரையை ஏதோ ஆகாயம் மாதிரி காட்டுவான்.

அவள் வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துக் கேள்வி. எவ்வளவு உயரம் போனே? யார் வந்தாங்க? ஒரு தடவை பெரிய முதலாளி ஒருவர் தன் நாயை மட்டும் தனியாக விமானத்தில் அனுப்பினாராம். "நாய்க்கு பெல்ட் போட்டீங்களா?" என்று இவன் கேட்டான். "போட்டோம்ப்பா, உங்க பஸ் பாசஞ்சரைவிட அது ஒழுங்கா உக்காந்திருந்துச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் தைத்துக்கொண்டிருந்த தையல் கோணிக்கொண்டது.

அந்த நாள் வந்தது. கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள். "இன்னிக்கு டூட்டிப்பா, சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போனாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்து அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். "லேட்டாகுது, ஓடு" என்றான். அவள் போன கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். அவன் ஓட்டிய அதே ரூட்டில், அவன் நிறுத்திய ஸ்டாப்புகளையெல்லாம் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து விமான நிலையம் அதே ரோட்டில் கொஞ்ச தூரம்தான். மாடி வார்டு ஜன்னலில் நின்றால் அந்தக் கொட்டகைகளின் தகரக் கூரை வெயிலில் மின்னுவது தெரியும்.

டாக்டர் பார்த்துவிட்டு, "வரவேண்டியவங்களை வரச்சொல்லிடுங்க" என்றார். தம்பி பொண்டாட்டி போனை எடுத்துவிட்டாள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவன் அதைப் பார்த்தான். கையைத் தூக்கினான். தூக்க முடியாத கை அது. எங்கிருந்து பலம் வந்ததோ.

"அவ மேல இருக்காளா?"

"இன்னும் போன் வரலைங்க" என்றாள் அவள்.

"அப்ப மேலதான் இருக்கா. வேணாம்."

"தம்பி, ஒரே ஒரு வார்த்தை..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அக்கா. ஓட்டறவகிட்ட சொல்லாதே." நடுவில் மூச்சு வாங்கினான். "எறங்கட்டும்."

மீறியிருக்கலாம் என்று இன்றைக்கு ஊரே சொல்லும். சொல்கிறவர்கள் வந்து அந்தக் கையைப் பார்த்திருக்கவேண்டும். ஆகாயத்தில் இருக்கிற பிள்ளை, அவளை நம்பி உட்கார்ந்திருக்கிற ஆட்கள். அவனுக்கு அந்தப் பஸ் ஞாபகம். எங்களுக்கும் அதே ஞாபகம். போனை அவன் மார்புமேலேயே வைத்தோம். மதியம் முழுக்க ஒவ்வொரு தடவை கண் திறந்தபோதும் முதலில் போனைத்தான் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் போய்ப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். குட்டி விமானம் ஏதாவது தாழ்ந்து வருகிறதா? எந்த விமானமும் வரவில்லை. "வந்துடுவாடா, இதோ வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறென்ன சொல்வது?

கடைசியில் ஒரு தடவை உதடு அசைந்தது. பொண்டாட்டி காதை வைத்துக் கேட்டாள். "வந்தாளா லேட்டு?" என்று கேட்டானாம். அவள் பதில் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன் அவன் மார்புமேல் அப்படியே இருந்தது. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த போன், ஆடாமல் இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அதே போன் அடித்தது. நான் கையில் வைத்துக்கொண்டு வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா? எறங்கிட்டேன்னு சொல்ல முடியாதுப்பா, இன்னிக்கு ஏறவே இல்ல!" என்று சிரித்தாள். "அந்தப் பாசஞ்சர் இதோ வர்றேன், அதோ வர்றேன்னு நாள் பூரா காக்கவச்சிட்டு இப்பதான் வரலைன்னு சொல்றான். நானும் போனை பையில போட்டுட்டு உக்காந்து நாளைக்கான பாடத்தைப் பூரா படிச்சு முடிச்சிட்டேன். நல்லதாப் போச்சு. அப்பா? கேக்குதா?"

அந்தத் தகரக் கூரைக்குக் கீழே. ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டே நின்ற அதே கூரைக்குக் கீழே, நாள் முழுக்க, நாற்காலியில், மடியில் புத்தகத்தோடு. நான் என்ன மடச்சி, வானத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்!

"அத்தை பேசறேன்மா" என்றேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு வா." பஸ்ஸுக்குக் காத்திராமல் ஓடியே வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே போய் அவன் கன்னத்தைத் தொட்டவள், திரும்பி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிட்டிருக்கலாமே அத்தை. நான் கீழதானே இருந்தேன்."

"மேல இருக்கேன்னு நெனச்சோம்டி. நீ போன் போடலையே."

"ஏறினாத்தானே எறங்கினேன்னு சொல்ல முடியும்?" என்றாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து கத்தி அழுதாள். என் இத்தனை வயதில் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம், எதிரிக்குக்கூட வேண்டாம்.

அப்புறம்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. சார்ட்டர் வேலை என்றாலே முக்கால்வாசி காத்திருப்பதுதானாம். விமானம் தயார், பைலட் தயார். வருகிற ஆள்தான் தனக்குத் தோன்றும்போது வருவான். டூட்டி என்று அவள் சொல்லிவிட்டுப் போன நாட்களில் பாதி நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறாள். காலேஜையும் வேலையையும் அவள் சேர்த்து இழுத்ததே அப்படித்தான்.

"அதை ஏன்டி வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அவளைப் போட்டு உலுக்கினேன்.

"எப்படிச் சொல்றது? எவ்வளவு உயரம் போனேன்னு கண்ணை விரிச்சுக்கிட்டு கேப்பாரே. சும்மா உக்காந்திருந்தேன்ப்பான்னு சொல்ல எனக்கு வாய் வரலை அத்தை. பறக்காத நாள்ல வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் போன் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து பழைய கதை ஏதாவது சொல்லுவேன். பாடம் முடிச்ச சந்தோஷத்துல அன்னிக்குத்தான் மொதல் தடவையா உண்மையைச் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வராத அந்தப் பாசஞ்சரைத் திட்டினேன். செத்துப்போன தம்பியைத் திட்டினேன். மகளுக்குப் படிப்பு கெடக்கூடாதென்று அவன் மறைத்தான், அவனுடைய பெருமை கெடக்கூடாதென்று இவள் மறைத்தாள். நல்லா ஜோடி சேர்ந்தீர்கள், அப்பனும் மகளும்!

அந்தப் பரீட்சையை அவள் அடுத்த தடவைதான் எழுதினாள், பாஸும் செய்தாள். மிட்டாய் கேப்டன் அவளுடைய வேலையை அவளுக்காகவே வைத்திருந்தார். இப்போது அவள் தோளில் இன்னொரு கோடு ஏறியிருக்கிறது, நான்தான் தைத்தேன், சரியான இடத்தில். லேட்டு என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை பழக்கத்தில் என் வாயில் வந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அதோடு விட்டேன். சான்றிதழில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். யாரோ வாடிக்கைக்காரியைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

அவன் போன் இப்போது என் மெஷின்மேல் இருக்கிறது. டூட்டி நாட்களில் அது அடித்துக்கொண்டே இருக்கும். தைக்கிற கையை நிறுத்திவிட்டு எடுப்பேன். இறங்கினால் ஒரு தடவைதான் பண்ணுவாள். இறங்காத நேரத்தில்தான் ஓயாமல் பண்ணுவாள்.

"அத்தை, ஆளு இன்னும் வரலை. நான் கீழதான் இருக்கேன்."

"சரிம்மா" என்பேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடிக்கும்.

"இன்னும் கீழதான் அத்தை இருக்கேன்."

அவளுக்குச் சொல்ல எங்களிடம் இப்போது எந்தச் சேதியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன்.